மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை: நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு?

 

சென்ற மாதம் நமது டிரஸ்ட் நிர்வாகக் குழு கூடியபோது, வெளிநாட்டில் தொழில் செய்யும் நம் ஊர்ச் சகோதரர் ஒருவரின் கடிதம் வாசிக்கப்பட்டது. மேமோகிராம் கருவி பொருத்திய பேருந்தை ஒரு நாள் நம் ஊருக்கு வரவழைத்து, நம் பெண்கள் அனைவருக்கும் இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்விக்க வேண்டும், செலவு முழுவதும் தம்முடையது என்று எழுதியிருந்தார். அவருடைய தாயார் இந்த நோயில்தான் வஃபாத் ஆனார். கடிதத்தைக் கேட்ட எல்லோருக்கும் மனம் நெகிழ்ந்தது. "நல்ல காரியம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேதியைக் குறித்துவிடுவோம்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர்.

அன்றைய ஆலோசனைக்கு நம் ஊர்ப் பெண்ணான அரசு மருத்துவர் ஒருவரையும் அழைத்திருந்தோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். எந்த வயதுப் பெண்களுக்கு எடுக்கப் போகிறீர்கள்? படத்தில் சந்தேகம் என்று வந்தால் அந்தப் பெண்ணை மறுநாள் யார், எங்கே அழைத்துப் போவார்கள்? ஒன்றும் இல்லை என்று வந்தவரிடம் என்ன சொல்லி அனுப்புவீர்கள்?

மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. தேதி குறிக்காமலே கூட்டம் கலைந்தது. அதன் பிறகு அந்த மருத்துவச் சகோதரி கொடுத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, புரியாததை அவரிடமே கேட்டுத் தெளிந்ததை இந்த மாத உடல்நலப் பாடமாக எழுதுகிறோம். முகாம் நடக்கும், இன்ஷா அல்லாஹ். ஆனால் முதலில் நினைத்த மாதிரி நடக்காது. பாடம் கொஞ்சம் நீளம், பொறுமையுடன் படியுங்கள். வாசிக்கத் தெரியாத உம்மாமார்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கட்டி உள்ளவரும் கட்டி இல்லாதவரும்

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அல்லது காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருகிறது, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகிறது, காம்பைச் சுற்றி ஆறாத புண் இருக்கிறது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்ட பெண்ணுக்குச் செய்யப்படுவது நோயை அறியும் பரிசோதனை. அதில் நன்மை தீமை என்று தராசு பிடிக்க ஒன்றுமில்லை. உடனே போக வேண்டும். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எது சாதாரணக் கட்டி, எது மற்றது என்பதை வீட்டில் இருக்கும் யாரும் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வலிக்கவில்லை என்பதும் ஆறுதலுக்குரிய விஷயம் இல்லை. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

ஸ்கிரீனிங் என்பது வேறு. எந்தத் தொந்தரவும் இல்லாமல், சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, உள்ளே ஏதாவது மறைந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது. நோயாளி தாமாக மருத்துவரிடம் வந்தால் மருத்துவர் தம்மால் ஆனதைச் செய்கிறார். நல்ல உடம்போடு இருப்பவரை நாமே போய் அழைத்து வந்தால், அதனால் வரும் பலனுக்கும் பாதிப்புக்கும் அழைத்தவர் பொறுப்பாகிறார். இந்தப் பாடம் முழுவதும் இந்த இரண்டாவது வகையைப் பற்றியதே.

நன்மை

மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு இடையில் சில விநாடிகள் அழுத்தி வைத்து எடுக்கும் எக்ஸ்ரே படம். சிலருக்கு வலிக்கும், சிலருக்கு அழுத்தம் மட்டும் தெரியும். கைக்குத் தட்டுப்படாத அளவு சிறிய கட்டியையும், பொடி உப்பு தூவியது போல் தெரியும் சுண்ணாம்புத் துகள்களையும் இந்தப் படம் காட்டிவிடும். நோய் அக்குளுக்கும் எலும்புக்கும் பரவும் முன்பே பிடித்துவிடலாம் என்பதுதான் இதன் பின்னால் உள்ள எண்ணம்.

எண்ணம் சரிதானா என்று சோதித்த முதல் பெரிய ஆய்வு 1963-ல் நியூயார்க்கில் தொடங்கியது. சுமார் 62,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பிறகு சுவீடன், கனடா, பிரிட்டன் எனப் பல நாடுகளில் இதே முறையில் ஆய்வுகள் நடந்தன. 2012-ல் பிரிட்டனில் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையிலான சுயேச்சைக் குழு இவற்றையெல்லாம் எடைபோட்டு, ஸ்கிரீனிங்குக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று சொன்னது. இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு நன்மை, சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் சிகிச்சையும் சிறிதாகலாம். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் (நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறோம்), முழு மார்பையும் எடுத்தவருக்கு உள்ள அதே ஆயுள்தான் என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-ல் உறுதி செய்தன. "போனால் அறுத்து எடுத்துவிடுவார்கள்" என்று பயந்தே போகாமல் இருக்கும் சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீக்கிரம் போகிறவருக்குத்தான் எடுக்காமல் தப்பும் வாய்ப்பு அதிகம்.

பிரிட்டனில் 50 வயதிலிருந்து 71-வது பிறந்தநாள் வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். அமெரிக்காவில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு, முன்பு 50 வயதில் தொடங்கச் சொன்னதை மாற்றி, 2024-ல் 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றது. சுவிட்சர்லாந்தின் மருத்துவ வாரியமோ 2014-ல், புதிதாக இத்தகைய திட்டங்களைத் தொடங்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ஒரே ஆய்வுகளைப் படித்த அறிவாளிகள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள்? தீமையும் உண்டு என்பதால்தான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முகாம் பேனர்களில் "ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இத்தனை சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்" என்று போடுவார்கள். ஒரு பெண் 60 வயதில் கட்டியைக் கண்டு 64 வயதில் இறந்தால், நோய் தெரிந்த பின் 4 ஆண்டு வாழ்ந்தார் என்று எழுதுவார்கள். அதே பெண்ணுக்கு 57 வயதிலேயே மேமோகிராமில் தெரிந்து, அப்போதும் 64 வயதிலேயே இறந்தால், 7 ஆண்டு வாழ்ந்தார் என்றாகும். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளியாக இருந்த காலம்தான் கூடியது. எனவே ஒரு பரிசோதனையின் பலனை அறிய, எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள் என்று பார்ப்பது போதாது. அந்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் எத்தனை மரணம், அழைக்கப்படாதவர்களில் எத்தனை மரணம் என்றே பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்கு அப்படிப் பார்த்து வந்த கணக்கு.

தீமை

மூன்று ஆண்டுகளுக்கு முன் நமது டிரஸ்ட் ஒரு மருத்துவமனையுடன் சேர்ந்து நடத்திய முகாமைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைய கூட்டத்தைப் பார்த்து நாங்களும் பெருமைப்பட்டோம். அந்த முகாமால் இருவர் அடைந்த துன்பத்தை அவர்களுடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இங்கே எழுதுகிறோம்.

ஒருவர் நாற்பதைத் தாண்டிய சகோதரி. படத்தில் 'சந்தேகம்' என்று தாள் வந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முகாமில் ஆள் இல்லை. மருத்துவமனைப் பேருந்து அன்று மாலையே போய்விட்டது. ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்து முடிவு தெரிய ஐந்து வாரம் ஆனது. வெறும் நீர்க்கட்டி. ஆனால் அந்த ஐந்து வாரமும் அவர் தூங்கவில்லை. அதைவிட மோசம், அழைத்துப் பேச வேண்டியவர்களின் பட்டியலை நாங்கள் அலுவலக மேஜை மேலேயே வைத்திருந்தோம். யாரோ பார்த்தார்கள், யாரிடமோ சொன்னார்கள். அப்போது அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "உம்மாவுக்கு அந்த வியாதியாமே" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். இது எங்கள் தவறு. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய செய்தி அமானத். அதைக் காக்கத் தவறினோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தது அவருடைய பெருந்தன்மை.

மருத்துவத்தில் இதை, இல்லாததை இருப்பதாகக் காட்டும் முடிவு என்பார்கள். இது அபூர்வமாக நடப்பது இல்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் படம் எடுத்துக்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது இப்படித் திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்படுகிறார்கள். மறுநாளே ஸ்கேன் எடுக்க வசதியுள்ள இடத்தில் இது இரண்டு நாள் கவலை. பஸ் மாறி மாறி மாவட்டத் தலைநகருக்குப் போய், டோக்கன் வாங்கி, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியையும் இழக்கும் நம் சகோதரிக்கு அது ஐந்து வாரம்.

மற்றவருடைய கதை நேர் எதிரானது. அவருக்கு 'நார்மல்' என்று வந்தது. அந்தத் தாளை பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்துக் குளிக்கும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டது. தங்கை வற்புறுத்தியும் போகவில்லை. "போன வருஷந்தானே படம் எடுத்துப் பார்த்தாங்க, ஒண்ணுமில்லைன்னு எழுதியே குடுத்திருக்காங்களே" என்பது அவருடைய பதில். கடைசியில் போனபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. முழு மார்பையும் எடுத்து, கீமோவும் கரண்டும் முடித்து, இன்று நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் இருந்திருந்தால் சீக்கிரம் போயிருப்பேன் என்று அவரே சொல்கிறார்.

மேமோகிராம் இருக்கும் புற்றில் ஐந்தில் ஒன்று வரை தவறவிடும். இளம் வயதுப் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். புற்றும் வெள்ளையாகவே தெரியும். வெள்ளைத் துணியில் விழுந்த வெள்ளை நூலைத் தேடுவது போல. தவிர, இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே புதிதாக வேகமாக வளரும் கட்டியும் உண்டு. 'நார்மல்' என்ற தாளுக்கு, அன்றைய தேதியில் எதுவும் தெரியவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை.

மூன்றாவது தீமைதான் புரிந்துகொள்ளக் கடினமானது. நாங்களே இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டோம். பழைய வீட்டுச் சுவரில் விரிசல்கள் இருக்கின்றன. சில விரிசல் அகன்று அகன்று சுவரையே சாய்த்துவிடும். சில, பாட்டன் காலத்திலிருந்து அப்படியே இருக்கும். வீட்டுக்காரர் மவுத்தான பிறகும் அப்படியே இருக்கும். இன்றைக்குப் பார்க்கிற கொத்தனாருக்கு எது எந்த வகை என்று தெரியாது. எனவே எல்லாவற்றையும் இடித்துக் கட்டச் சொல்வார். மார்பகத்திலும் அப்படி, வளராத அல்லது மிக மெதுவாக வளரும் புற்றுகள் உண்டு. பால் குழாய்க்குள்ளேயே அடங்கி நிற்கும் ஒரு வகையை மேமோகிராம் அதிகம் பிடிக்கிறது. அதில் ஒரு பகுதி எந்தக் காலத்திலும் அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்திருக்காது. ஆனால் எந்தப் பகுதி என்று இன்றைய மருத்துவத்துக்குத் தெரியாததால் எல்லோருக்கும் அறுவை, பலருக்குக் கரண்ட். அந்தப் பெண் "உயிர் தப்பினேன்" என்று வாழ்நாள் முழுவதும் நம்புவார். தேவையில்லாமல் சிகிச்சை பெற்றவர் எவர் என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மொத்தக் கணக்கில்தான் தெரியும்.

படம் எடுப்பதாலேயே புற்று வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு முறை எடுக்கும்போது உடலில் படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் இயல்பாகப் பெறும் கதிர்வீச்சில் ஏறத்தாழ ஏழு வார அளவு. தக்க வயதில் எடுப்பவர் அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. அதேபோல, ஊசி குத்தினால் கட்டி கிளறிப் பரவிவிடும் என்ற பேச்சை நம்பி பயாப்ஸிக்குப் பயப்படவும் வேண்டாம்.

இரண்டாயிரம் பெண்களின் கணக்கு

டென்மார்க்கில் உள்ள நோர்டிக் காக்ரேன் மையத்தின் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட கணக்கு இது. 2,000 பெண்களைப் பத்து ஆண்டுகள் ஸ்கிரீனிங்குக்கு அழைத்தால் ஒருவர் மார்பகப் புற்றுநோய் மரணத்திலிருந்து காப்பாற்றப்படுவார். 10 பேர் தேவையில்லாமல் புற்றுநோயாளிகளாகிச் சிகிச்சை பெறுவார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் பொய்யான சந்தேகத்தால் மன உளைச்சல் அடைவார்கள்.

மார்மட் குழுவின் கணக்கு இதைவிட நம்பிக்கையானது. 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபது ஆண்டுகள் அழைத்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும். 129 பேர் தேவையில்லாமல் நோயாளிகளாவார்கள். அதாவது ஒருவர் காப்பாற்றப்பட்டால் மூவர் வீணாகச் சிகிச்சை பெறுகிறார்கள். இரு தரப்புக்கும் பெரிய விவாதமே நடந்தது. எந்த ஆய்வை எவ்வளவு நம்புவது, எத்தனை ஆண்டு பார்ப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பலனே இல்லை என்று ஒரு தரப்பும் சொல்லவில்லை. தீங்கே இல்லை என்று மறு தரப்பும் சொல்லவில்லை.

காப்பாற்றப்படும் அந்த ஒருவர் நம் உம்மாவாக இருந்தால்? நிர்வாகக் குழுவிலும் இந்தக் கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. அந்தப் பத்தில் ஒருவர் நம் உம்மாவாக இருந்தால் என்பதும் அதே அளவு நியாயமான கேள்வி. விவரம் அறிந்த ஒரு பெண் "எனக்கு எடுக்க வேண்டும்" என்று முடிவு செய்தாலும் அது சரியான முடிவு. "எனக்கு வேண்டாம்" என்று முடிவு செய்தாலும் அவர் அறியாமையில் இருப்பவர் இல்லை. விவரம் சொல்லாமல் வரிசையில் நிறுத்துவதுதான் தவறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்தது அதைத்தான்.

நம் நாட்டின் நிலை

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 2,74,000. இறந்தவர்கள் சுமார் 43,000. கண்டறியப்பட்டவர்களும் இறந்தவர்களும் ஒரே பெண்கள் இல்லை என்றாலும், அங்கே ஆறுக்கு ஒன்று, இங்கே இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதைக் கவனியுங்கள். இங்கே பெண்கள் தாமதமாக வருகிறார்கள். வந்தவர்களிலும் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள்.

நோய் வரும் வீதம் மேலை நாடுகளில் நம்மைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே அங்கே 2,000 பேருக்கு ஒருவர் என்றால், அதே எண்ணிக்கையில் நமக்குக் கிடைக்கும் பலன் இன்னும் குறைவாகவே இருக்கும். இதனால்தான் மத்திய அரசு 2016-ல் வகுத்த வழிமுறையில் மேமோகிராமைப் பொதுப் பரிசோதனையாக வைக்கவில்லை. 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

கையால் பார்ப்பதில் பலன் உண்டா? இதற்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல், குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. பாதிப் பேரை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என நான்கு சுற்று கையால் பரிசோதித்தார்கள். மறுபாதிக்கு விழிப்புணர்வு மட்டும். இருபது ஆண்டு தொடர்ந்து பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் முற்றிய நிலையில் நோய் தெரிந்தவர்கள் 37 சதவீதம். மற்றவர்களில் 47 சதவீதம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே மரணம் குறையவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். பெரிய கருவி இல்லை, பேருந்து இல்லை. நம் வீட்டுப் பெண்களைப் போன்ற பெண்களின் பயின்ற கைகள்தான்.

அப்படியானால் மாதம் ஒருமுறை தாமே தடவிப் பார்த்துக்கொண்டால் போதுமே என்று தோன்றும். சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைப் பெண்கள் 2,66,000 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். 2002-ல் வந்த முடிவு: முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களிலும் கற்றுக்கொடுக்கப்படாதவர்களிலும் மரணம் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, கற்றவர்களில் சாதாரணக் கட்டிகளுக்காகச் செய்த பயாப்ஸிதான் அதிகம். ஆகவே மாதாமாதம் கடமை போலச் செய்து கவலைப்பட வேண்டியதில்லை. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கிறது என்று அறிந்திருப்பது, மாறினால் சொல்வது, அது போதும்.

சொல்வதுதான் நம்மிடம் நடப்பதில்லை. கடிதம் எழுதிய சகோதரருக்கு நாங்கள் படித்ததையெல்லாம் எழுதி அனுப்பினோம். கோபப்படுவாரோ என்று தயங்கினோம். அவர் பதில் எழுதினார்: "உம்மாவுக்கு எட்டு மாதமாகக் கட்டி இருந்தது. வாரம் மூன்று தடவை போனில் பேசுவேன். சாப்பிட்டியா வாப்பா என்று கேட்பார்களே தவிர, அதைச் சொல்லவே இல்லை. ஆம்பிளைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார்களாம். சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பற்றுப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் எப்படிச் செய்தாலும் எனக்குச் சம்மதம்."

சகோதரர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். உங்கள் உம்மாவிடமோ, மனைவியிடமோ, ராத்தாவிடமோ ஒருமுறை "உடம்பில் அப்படி ஏதாவது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா? எங்கள் குழுவில் இருந்த ஒன்பது பேரில் சொல்லியிருந்தவர் ஒருவர்.

முகாம் எப்படி நடக்கும்

மார்பில் மாற்றம் கண்ட சகோதரிகள் முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது. டிரஸ்டின் பெண் ஊழியர்கள் இருவர் இதற்கென்றே நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னால் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். முதல் தடவை மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 60 நாளுக்குள் இன்ன நோய் என்று முடிவு தெரிந்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த இலக்கு. நாங்கள் அதையே அளவாகக் கொண்டிருக்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பிக்க உதவுவார்கள். கீமோவைப் பாதியில் விட்டவர்களையும் இவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். பஸ் செலவுக்கும் துணை வருபவரின் கூலிக்கும் ஜகாத் நிதியில் வழி இருக்கிறது.

முகாம் அன்று 30 வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம். பெண் மருத்துவர் தனி அறையில் கையால் பரிசோதிப்பார். மேமோகிராம் எல்லோருக்கும் கிடையாது. 40-க்குக் கீழே எடுப்பதில்லை. 40 முதல் 49 வரை, மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி, நன்மையும் தீமையும் கேட்டு, விரும்பினால் எடுக்கலாம். 50 முதல் 69 வரை உள்ளவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்பதால் அவர்களுக்கு முன்னுரிமை. அவர்களுக்கும் கட்டாயம் இல்லை. தாய், சகோதரி, மகள் இவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அதுவும் இளம் வயதில் வந்திருந்தால், தனியாகச் சொல்லுங்கள். வாப்பா வழி உறவில் வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். மரபணு இரு வழியாகவும் வரும். அவர்களுக்கான கணக்கே வேறு. மேலே சொன்ன எண்கள் அவர்களுக்குப் பொருந்தாது. ரத்தம் எடுத்தே கண்டுபிடித்துவிடலாம், உடல் சூட்டைப் படம் பிடித்தே சொல்லிவிடலாம் என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். இவை மேமோகிராமுக்கு ஈடாக நிரூபிக்கப்படவில்லை. நம் முகாமில் இவை இருக்காது.

படம் எடுப்பவரும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று மருத்துவமனையிடம் எழுதி வாங்கியிருக்கிறோம். இதில் ஒரு விளக்கம். நோய்க்குறி உள்ள பெண் சிகிச்சைக்காகத் தேவையான அளவு மருத்துவரிடம் காட்டலாம், பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவரிடமும் காட்டலாம் என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் ளரூரத் என்ற தலைப்பில் பேசும் சட்டம். மறைவு கருதிக் கட்டியை மறைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களும் ஜும்ஆ பயானில் சொல்ல இசைந்திருக்கிறார்கள். ஆனால் குறியே இல்லாத பெண்ணுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. எனவே ஸ்கிரீனிங்குக்கு ஆண் பணியாளரை அனுமதிப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

சந்தேகம் என்று வருபவருக்கு ஸ்கேனும் தேவைப்பட்டால் பயாப்ஸியும் ஏழு நாளுக்குள் செய்து தர மருத்துவமனை ஒப்புக்கொண்டிருக்கிறது. இதற்காகப் பேருந்துச் செலவைக் குறைத்து, சகோதரர் அனுப்பிய தொகையில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கியிருக்கிறோம். இதனால் படம் எடுக்கும் எண்ணிக்கை குறையும். குறையட்டும். முடிவுத்தாள் ஒட்டிய உறையில், அந்தச் சகோதரியின் கையில் மட்டும் தரப்படும். கணவரிடமோ மகனிடமோகூட அவர் அனுமதியின்றித் தர மாட்டோம். பட்டியல் டிரஸ்ட் அலுவலகத்துக்கே வராது. 'நார்மல்' என்று வருபவரின் தாளிலும், இதற்குப் பிறகு ஏதாவது மாற்றம் கண்டால் இந்தத் தாளைப் பார்க்காமல் உடனே வாருங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறோம்.

வெளிப்படையாகக் கேட்கத் தயங்குபவர்களுக்காக, பெண்கள் தொழுகைப் பகுதியின் உள்வாசலில் பூட்டிய பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள். சாவி மருத்துவச் சகோதரியிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை. பதில்கள் அடுத்த இதழில் வரும், இன்ஷா அல்லாஹ்.